ஒரு தலைமுறைக்கு மட்டும் பலிக்கும் விதை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கூன் ராப்பிட்ஸ் என்று ஓர் ஊர். ஆயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் சிற்றூர். எந்தப் பக்கம் போனாலும் மக்காச்சோளக் காடு. அங்கே ஒரு சின்ன வங்கிக்குத் தலைவராக இருந்தவர் ஜான் கிறிஸ்டல். 1925-ல் பிறந்தவர். விவசாயம் பார்த்தார், வங்கிக்குப் போனார், கடைசியில் மாநில ஆளுநர் பதவிக்கே களமிறங்கினார். மிக்கேல் கோர்பச்சேவ் சோவியத் கட்சியில் வேளாண்மையைக் கவனிக்கும் செயலாளராக இருந்த நாளிலேயே அவரோடு உட்கார்ந்து பேசிய மிகச் சில அமெரிக்கர்களில் இந்தக் கிராமத்து வங்கிக்காரரும் ஒருவர். இது எப்படி நடந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனால், மக்காச்சோளச் செடியின் இல்லற ரகசியத்தில் போய் நிற்கிறோம்.

மக்காச்சோளம் வினோதமான பயிர். ஆண்பூ செடியின் உச்சியில் கொண்டைபோல நிற்கும். பெண்பூ இடுப்பு உயரத்தில் கதிராக உட்கார்ந்திருக்கும். கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு மணிக்குத்தான் போகிறது. இழையில் மகரந்தத் தூள் விழாவிட்டால் அந்த மணி உருவாகாது. கதிரில் உள்ள மணி வரிசைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட எப்போதும் இரட்டைப்படைதான். நம்பாவிட்டால் அடுத்த முறை அவித்த கதிர் வாங்கும்போது எண்ணிப் பாருங்கள். ஆணும் பெண்ணும் இப்படித் தள்ளித் தள்ளி இருப்பதால், எந்தச் செடியை எதோடு சேர்ப்பது என்பதை மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்ள முடிந்தது. நெல்லில் இது எளிதல்ல. ஒரே சின்னப் பூவுக்குள் இரண்டும் இருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோவாவில் சோளக் கதிர் அழகுப் போட்டிகள் நடக்கும். நீளம், நேர்த்தி, மணிகளின் ஒழுங்கு பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அழகான கதிரை விதைத்தால் நல்ல விளைச்சல் வரும் என்பது பேராசிரியர்களின் நம்பிக்கை. ஹென்றி வாலஸ் என்ற பள்ளிச் சிறுவனுக்கு அதில் சந்தேகம். போட்டிக் கதிர்களின் விதைகளைத் தனித்தனி வரிசையாக விதைத்து, அறுத்து, எடை போட்டான். பேராசிரியர் முதலிடம் கொடுத்த கதிரின் சந்ததி விளைச்சலில் பின்வரிசையில் கிடந்தது. இந்தச் சிறுவன்தான் பின்னாளில் அமெரிக்காவின் வேளாண் அமைச்சரும் துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார். அதற்கு முன்பே, 1926-ல், கலப்பின விதைக்கென்று ஒரு நிறுவனமும் தொடங்கிவிட்டார். அமைச்சர் பதவியைவிட அந்த நிறுவனம்தான் உலகத்தை அதிகம் மாற்றியது என்பது என் எண்ணம்.

கலப்பினம் என்றால் என்ன? ஜார்ஜ் ஷல் என்ற அறிவியலாளர் மக்காச்சோளத்தை அதன் மகரந்தத்தாலேயே அதைச் சூல்கொள்ளச் செய்தார். அந்தச் சந்ததியையும் அப்படியே. தலைமுறைக்குத் தலைமுறை செடி குட்டையாகி, நோஞ்சானாகி, கதிர் விரல் அளவுக்குச் சுருங்கிப்போனது. இதுவரை யாரும் எதிர்பார்க்கக்கூடியதே. அடுத்ததுதான் அதிசயம். இப்படி நோஞ்சானாகிப்போன இரண்டு வெவ்வேறு மரபுவழிகளை ஒன்றோடொன்று சேர்த்தால், பிறக்கும் செடி பெற்றோர் இருவரையும் மிஞ்சி நின்றது. சிலசமயம், நோஞ்சானாவதற்கு முன்பிருந்த மூலப் பயிரையே மிஞ்சியது. 1908-ல் ஷல் இதை எழுதி வெளியிட்டார். ஆனால் நோஞ்சான் தாய்ச்செடி கொடுப்பது கைப்பிடி விதை. அதை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. கனெக்டிகட்டில் டொனால்ட் ஜோன்ஸ் பத்தாண்டு கழித்து வழி கண்டுபிடித்தார். நான்கு மரபுவழிகளை எடுத்துக்கொள். முதலிரண்டைச் சேர், மற்ற இரண்டைச் சேர். பிறக்கும் இரண்டு திடமான பிள்ளைகளை மறுபடி ஒன்றோடொன்று சேர். இப்போது தாய்ச்செடியே கொழுத்த கதிர் தரும். விதை மூட்டை மூட்டையாகக் கிடைக்கும்.

ஏன் இந்த வீரியம் வருகிறது? ஒரு பெற்றோரிடம் உள்ள பழுதான மரபணுவை மற்றவரிடம் உள்ள நல்லது மறைத்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள் சேர்ந்திருப்பதே ஒற்றை வடிவத்தைவிடப் பலம் என்பது இன்னொன்று. நூறாண்டுக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. காரணம் முழுதாகத் தெரியாமலேயே உலகம் இதை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

வீரியத்துக்கு ஒரு சாபமும் உண்டு. விளைந்த கலப்பினச் சோளத்தை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைத்தால், மரபணுக்கள் கலைந்து பிரிகின்றன. சில செடி உயரம், சில குட்டை, விளைச்சல் சரிகிறது. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை வாங்கியே தீர வேண்டும். எந்தக் காப்புரிமைச் சட்டமும் தேவைப்படவில்லை. செடியே பூட்டாக இருந்தது. பெற்றோர் மரபுவழிகளை வைத்திருப்பவன் கையில் சாவி.

இந்த விதையை விற்கத்தான் கிறிஸ்டலின் தாய்மாமன் ராஸ்வெல் கார்ஸ்ட் கிளம்பினார். 1898-ல் பிறந்தவர், ஓயாத வாய்க்காரர். வாலஸிடமிருந்து விதை வாங்கி, சார்ல்ஸ் தாமஸ் என்ற பங்காளியோடு கூன் ராப்பிட்ஸில் தொழில் தொடங்கியபோது பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி தொடங்கிவிட்டது. சோளம் விலை போகாத நாட்டில், வீட்டில் சும்மா கிடக்கும் விதையை விட்டுவிட்டுக் காசு கொடுத்து விதை வாங்க யார் வருவார்கள்? கார்ஸ்ட் ஒரு பேரம் வைத்தார். உங்கள் விதை பக்கத்திலேயே என் விதையையும் போடுங்கள்; கூடுதலாக எவ்வளவு விளைகிறதோ அதில் பாதி எனக்குக் கொடுத்தால் போதும். ரொக்கமாக விதை விலையைக் கொடுப்பதைவிட அந்தப் பாதி அதிகமாகிவிடுகிறது என்று கண்டதும், மறு ஆண்டு விவசாயி காசோடு வந்தார். 1934, 1936 வறட்சிகளில் பழைய ரகங்கள் சாய்ந்து கிடக்க, கலப்பினம் நிமிர்ந்து நின்றது. அதற்கு மேல் விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

அயோவாவிலேயே இரண்டு சமூகங்களில் 259 விவசாயிகளைச் சந்தித்து, இந்த விதை எப்படிப் பரவியது என்று பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இருவர் 1943-ல் எழுதினார்கள். 1941-க்குள் இரண்டே பேரைத் தவிர எல்லோரும் மாறியிருந்தார்கள். கேள்விப்பட்டது விற்பனையாளரிடமிருந்து, நம்பி இறங்கியது பக்கத்துக் காட்டுக்காரரைப் பார்த்து. புதுமை எப்படிப் பரவுகிறது என்ற ஆய்வுத் துறைக்கே அந்தக் கட்டுரை அடிக்கல். இதே பிரைஸ் ரயன்தான் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி வைத்து, இலங்கைச் சாதி அமைப்பைப் பற்றி நூலும் எழுதினார் என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத செய்தி.

அமெரிக்காவின் சராசரி மக்காச்சோள விளைச்சல் 1860-களிலிருந்து 1930-கள் வரை ஏக்கருக்கு 26 புஷல் அளவிலேயே தேங்கிக் கிடந்தது. ஏறக்குறைய 660 கிலோ. இன்று அது 170 புஷலைத் தாண்டிவிட்டது. கலப்பினம் மட்டும் இதைச் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெடிமருந்துக்கான நைட்ரஜன் உரத்துக்குத் திரும்பியது; இயந்திரங்கள் வந்தன. கார்ஸ்ட் இவை எல்லாவற்றுக்கும் பிரசாரகர். மணி உதிர்த்த வெறும் சக்கையை அரைத்து, யூரியாவும் சர்க்கரைப்பாகுக் கழிவும் கலந்து மாட்டுக்குப் போட்டார். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் சக்கையின் நாரை உடைத்து, யூரியாவின் நைட்ரஜனைக் கொண்டு புரதம் செய்துகொள்ளும். மாடு பிறகு அந்த நுண்ணுயிரிகளையே செரித்துக்கொள்ளும்.

1955-ல் சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவ் தன் நாட்டில் மக்காச்சோளத்தைப் பெருக்கப்போவதாகப் பேசினார். அயோவாவுக்கு வந்து பாருங்கள் என்று உள்ளூர் நாளிதழில் லாரன் சோத் தலையங்கம் எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசே கிடைத்தது. சோவியத் குழு வந்தது. அவர்களை விடாப்பிடியாகத் தன் பண்ணைக்கு இழுத்துவந்தார் கார்ஸ்ட். அதே ஆண்டு தானே சோவியத்துக்குப் போய் 5,000 டன் விதைக்கு ஆர்டர் வாங்கிவந்தார். கம்யூனிஸ்ட் என்ற சொல்லே வசையாக இருந்த அமெரிக்காவில் இதற்குத் துணிச்சல் வேண்டும். பசித்த நாடு ஆபத்தான நாடு என்பது அவர் வாதம். 1959 செப்டம்பர் 23 அன்று குருஷ்சேவே கூன் ராப்பிட்ஸுக்கு வந்துவிட்டார். பத்திரிகைக்காரர் கூட்டம் நெருக்கித் தள்ள, பொறுமையிழந்த கார்ஸ்ட் மாட்டுக்கு வைத்திருந்த ஊறுகாய்ப்புல்லை வாரி அவர்கள்மேல் வீசினார். குருஷ்சேவ் வாய்விட்டுச் சிரித்தார்.

விதை போனது, தட்பவெப்பம் போகவில்லை. அயோவா 42-ஆம் அட்சரேகையில் இருக்கிறது, மாஸ்கோ 55-ஐத் தாண்டி. கோடைக் காலம் குறுகியது. 1962-ல் 37 மில்லியன் ஹெக்டேரில் மக்காச்சோளம் போட்டார்கள்; பல இடங்களில் மணி முற்றுமுன் குளிர் வந்தது. உரமும் இல்லை, இயந்திரமும் இல்லை. உரம் போடாமல் விதைத்துக்கொண்டிருந்த கூட்டுப்பண்ணை ஆட்களை ஒருமுறை கார்ஸ்ட் நேரிலேயே திட்டித் தீர்த்ததைக் குருஷ்சேவ் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். 1964-ல் குருஷ்சேவின் பதவி போனது. அவர் விரும்பியது அயோவாவின் செடி. அயோவாவிடம் இருந்ததோ செடி, உரம், இயந்திரம், வங்கி நான்கும் சேர்ந்த ஓர் அமைப்பு.

அந்த நான்காவதில்தான் மருமகன் கிறிஸ்டல் உட்கார்ந்திருந்தார். ஆண்டுதோறும் விதை, உரம், டீசல் வாங்குகிறவன் ஆண்டுதோறும் கடன் வாங்குகிறான். 1960-களில் மாநில வங்கிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்த கிறிஸ்டலுக்கு இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தெரியும். சோவியத் நாட்டுக்கு 1960 முதல் பலமுறை போய்வந்து, அந்நாட்டோடு பகை வேண்டாம், வணிகம் செய்வோம் என்று பேசிவந்தார். கோர்பச்சேவோடு உட்கார்ந்து பேச வாய்த்ததும் அப்படித்தான். 1980 சனவரியில் சோவியத்தின் ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பதிலடியாக 17 மில்லியன் டன் தானிய விற்பனையை நிறுத்தினார் அதிபர் கார்ட்டர். அதே ஆண்டின் முடிவில் வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 விழுக்காட்டைத் தொட்டது. விலை விழுந்தது, வட்டி ஏறியது, அடமானம் வைத்த நிலத்தின் மதிப்பு கரைந்தது. 1981-ல் ஏக்கருக்கு 2,147 டாலர் போன அயோவா நிலம் 1986-ல் 787 டாலர். 1985 டிசம்பரில் ஹில்ஸ் என்ற சிற்றூரில் கடனில் மூழ்கிய விவசாயி ஒருவர் தன் வங்கித் தலைவரையே சுட்டுக் கொன்றார். விளைச்சல் குறைந்ததால் வந்த நெருக்கடி அல்ல இது. களஞ்சியங்கள் நிரம்பி வழிந்த ஆண்டுகள் அவை.

1990-ல் ஆளுநர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்போட்டியில் கிறிஸ்டல் நின்று, டொனால்ட் ஆவன்சனிடம் தோற்றார். 2000-ல் காலமானார். கார்ஸ்ட் பெயரிலான விதை நிறுவனத்தை 1985-லேயே பிரிட்டனின் ஐசிஐ வாங்கிவிட்டது. 2004-ல் அது சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டாவிடம் போனது. சின்ஜென்டாவை 2017-ல் சீன அரசுக்குச் சொந்தமான கெம்சைனா வாங்கியது. கம்யூனிஸ்டுகளுக்குக் கார்ஸ்ட் விற்றது விதையை மட்டும்தான்; அவர் காலத்துக்குப் பிறகு சாவியும் சேர்த்து விற்றாகிவிட்டது.