அப்டேட்டா? ஆடி வரட்டும்

எங்கள் பக்கத்து ஸ்டுடியோக்கள் சிலவற்றில் இன்னும் போட்டோஷாப் 7.0 ஓடிக்கொண்டிருக்கிறது. 2002-இல் வந்த பதிப்பு. கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் மூத்தவர்கள் அதை விடமாட்டேன் என்கிறார்கள். புதுப் பையன்கள் சிரிக்கிறார்கள். ஈரோடு, கோபி, பவானி வட்டாரத்தில் ஸ்டுடியோக்களுக்கு சிஸ்டம் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என்னைக் கேட்டால் அந்த மூத்தவர்களின் பிடிவாதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 7.0 தன் கணக்கு வழக்கு எல்லாவற்றையும் பிராசஸரை வைத்தே முடித்துக்கொள்ளும். படத்தைத் திரைக்கு அனுப்புவதோடு கிராபிக்ஸ் கார்டின் சகவாசம் முடிந்தது. கார்டை இயக்கும் டிரைவர் பழசா புதுசா என்ற கேள்வியே அங்கே வராது. 32 பிட் புரோகிராம் என்பதால் 16 ஜிபி ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. இன்றைய கேமராவின் ரா ஃபைலைத் திறக்கத் தெரியாது. ஆனாலும் முகூர்த்தக் கூட்டத்தில் காலை வாராது.

காலை வாருவது 2008-இல் வந்த சிஎஸ்4-க்குப் பிறகுதான். போட்டோஷாப் முதன்முதலாக கிராபிக்ஸ் கார்டை வேலைக்கு இழுத்தது அந்தப் பதிப்பில். படத்தைக் காகிதம் போலத் திருப்பி வைத்துக்கொண்டு வரையலாம், வழுக்கிக்கொண்டு ஜூம் போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். ஓப்பன்ஜிஎல் என்ற பொதுப் பாஷை புரியாத கார்டு என்றால் இவற்றில் எதுவும் நடக்காது.

கார்டைத் தேடிப் போக நியாயமான காரணம் உண்டு. 24 மெகாபிக்சல் படம் என்றால் 2.4 கோடி புள்ளிகள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் அத்தனை புள்ளிக்கும் ஒரே கணக்கைப் போட்டாக வேண்டும். பிராசஸரில் எட்டோ பதினாறோ கோர்கள் இருக்கும். அவை கெட்டிக்காரக் கோர்கள். கார்டில் இருப்பவை ஆயிரக்கணக்கான எளிய கோர்கள். ஒரே கணக்கைக் கோடி முறை போடுவதற்குக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம், தலைக்கட்டு நிறைய இருந்தால் போதும்.

சிக்கல் நடுவில் நிற்கிற டிரைவரில். எடிட்டிங் புரோகிராம் நேராகக் கார்டோடு பேசுவதில்லை. டைரக்ட்எக்ஸ், ஓப்பன்சிஎல், ஆப்பிளின் மெட்டல் என்று பொதுவான ஒரு பாஷையில் வேலையைச் சொல்கிறது. அதைக் குறிப்பிட்ட கார்டுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தருவது கார்டு கம்பெனி எழுதிய டிரைவர். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி மாதிரி. பிளானும் மாறவில்லை, கொத்தனாரும் மாறவில்லை. மேஸ்திரி ஆள் மாறினால் சுவர் கோணுகிறது. புரோகிராம் ஒரு நாளில் புதுப்பதிப்பு விடும், கார்டு கம்பெனி இன்னொரு நாளில் டிரைவர் விடும், விண்டோஸோ யாரையும் கேட்காமல் ராத்திரியோடு ராத்திரியாக டிரைவரை மாற்றி வைக்கும். மூன்று பேரும் கூடிப் பேசி நாள் குறிப்பதில்லை.

கார்டு கம்பெனிகளின் கண் பெரும்பாலும் கேம் விளையாடுகிறவர்கள் மேல்தான். புது கேம் ஒன்று வருகிறதென்றால் அதற்கென்றே ஒரு டிரைவர் வரும். போட்டோ, வீடியோ வேலைக்காரர்களுக்கென்று ஸ்டுடியோ டிரைவர் என்ற தனி வரிசையை என்விடியா 2019-இல்தான் தொடங்கியது. ஆல்பம் வேலைக்கு நான் மாட்டிக் கொடுக்கும் சிஸ்டத்தில் அதைத் தவிர வேறு போடுவதில்லை.

போன வைகாசியில் கோபியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "ஏனுங்ணா, பொண்ணு மொகமெல்லாம் கட்டங்கட்டமா வருதுங்ணா. ஸ்லைடரை இழுத்தாப் படமே கறுப்பாயிடுது. ஃபார்மட் அடிச்சரலாமுங்களா?"

எங்கள் தொழிலில் எல்லா வியாதிக்கும் ஃபார்மட் ஒன்றுதான் மருந்து என்று யாரோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"எதையும் தொடாதே தம்பி. நேத்து என்ன பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணலீங்ணா. அப்டேட்டுன்னு கேட்டுச்சு, அமுக்கிட்டனுங்."

போய்ப் பார்த்தேன். எடிட்டிங் புரோகிராம் அந்த வாரத்துப் பதிப்பு. டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் தேதியைப் பார்த்தால், சிஸ்டம் வாங்கிய அன்று போட்டது, பிறகு யாரும் தொடவே இல்லை. பிரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' என்ற டிக்கை எடுத்துவிட்டு, புரோகிராமை மூடித் திறந்தேன். முகம் முகமாகத் தெரிந்தது. தம்பி அதோடு என்னை அனுப்பி வைக்கப் பார்த்தான்.

இந்த இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். டிக்கை எடுத்தால் படம் சரியாகிறது என்றால், கோளாறு படத்தில் இல்லை, ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, கார்டு டிரைவர் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான். பரிசோதனை முடிந்தது, வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. டிக்கை எடுத்ததோடு விட்டுவிட்டு, "புது வெர்ஷன் ஸ்லோ" என்று வருடக்கணக்காகப் புலம்புகிற ஸ்டுடியோக்களை எனக்குத் தெரியும். போட்டோஷாப் கம்பெனியான அடோபியின் இன்னொரு எடிட்டிங் புரோகிராம் லைட்ரூம். அதில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் மாதிரியான வசதிகள் கார்டை நம்பியே எழுதப்பட்டவை. நல்ல கார்டில் நொடிகளில் முடிகிற படம் அது இல்லாமல் நிமிடக்கணக்கில் நிற்கும். கோபித் தம்பியின் சிஸ்டத்தில் பழைய டிரைவரைக் கழற்றி, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதியதை இறக்கிப் போட்டு, டிக்கைத் திரும்ப வைத்துக் காட்டிய பிறகுதான் கிளம்பினேன்.

திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்துத் திரும்பினால் அது வேறு சங்கதி. விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல் இருக்கிறது: கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால், தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி டிரைவரை உதைத்து எழுப்பும். பல நேரம் கார்டு உண்மையில் தொங்கியிருக்காது. பலவீனமான கார்டு பெரிய படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். போட்டோஷாப் இதற்கெல்லாம் தயாராகத்தான் வருகிறது. திறக்கும்போதே ஸ்னிஃபர் என்ற குட்டிப் புரோகிராமை அனுப்பிக் கார்டைச் சோதிக்கும். அது செத்து விழுந்தால் கார்டை ஒதுக்கிவிட்டுத் தாய்ப் புரோகிராம் தப்பிக்கும்.

டிரைவர் எவ்வளவு தொல்லை தர முடியும் என்பதற்கு ஒரு கோர்ட்டு சாட்சியே இருக்கிறது. 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர் பற்றி அமெரிக்காவில் நடந்த வழக்கில் மைக்ரோசாப்டின் உள் ஆவணங்கள் 2008-இல் வெளியே வந்தன. 2007-இல் ஒரு காலகட்டத்தில் பதிவான விஸ்டா கிராஷ்களில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் வந்தவை என்று அதில் இருந்தது.

அதற்காக எல்லாப் பழியையும் டிரைவர் தலையில் போடவும் முடியாது. லைட்ரூமின் 2015-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வந்த 6-ஆம் பதிப்பு முதன்முதலாகக் கார்டைப் பயன்படுத்தியது, அதுவும் படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியில் மட்டும். 4கே திரை வைத்திருந்தவர்கள் கொண்டாடினார்கள். சுமாரான கார்டு வைத்திருந்தவர்களில் பலருக்கு முன்பைவிட மந்தமானது. அக்டோபரில் 6.2 வந்தது. கேமரா கார்டிலிருந்து படங்களை உள்ளே எடுக்கும் இம்போர்ட் திரையை எளிமையாக்குகிறோம் என்று மாற்றியிருந்தார்கள். ஃபைலை நகர்த்துவது போன்ற சில வசதிகள் காணாமல் போயின. கூடவே புரோகிராம் பலருக்குக் கிராஷ் ஆனது. அதே வாரத்தில் அடோபியின் டாம் ஹோகர்ட்டி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பழைய இம்போர்ட் திரை 6.3-இல் திரும்பி வந்தது.

அந்த மன்னிப்பில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. கிராஷ் இருப்பது வெளியிடும் முன்பே தெரியும். எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. தங்கள் இடத்தில் அதைத் திரும்ப வரவழைத்துப் பார்க்க முடியவில்லை. தேடிக்கொண்டே வெளியிட்டுவிடலாம் என்று எடுத்த முடிவு தவறு. சுருக்கம் இதுதான்.

திரும்ப வரவழைக்க முடியாத கோளாறு என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஏறத்தாழ இல்லாத கோளாறு. என்ன செய்தால் வருகிறது என்று தெரிந்தால்தான் எந்த வரியில் தப்பு என்று பிடிக்க முடியும். விண்டோஸ் பதிப்பு, கார்டு, டிரைவர், மானிட்டர் என்று சேர்க்கை போட்டுப் பார்த்தால், உங்கள் மேஜையில் இருக்கிற சேர்க்கை அவர்களுடைய சோதனைக் கூடத்தில் இல்லாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் புகார் எழுதும்போது "படம் வரவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று எழுதிப் பயனில்லை. ஹெல்ப் மெனுவில் சிஸ்டம் இன்ஃபோ என்று ஒன்று இருக்கிறது. கார்டின் பெயர், டிரைவர் எண் எல்லாம் அங்கே வரும். அதை அப்படியே காப்பி எடுத்து ஒட்டி, எதைச் செய்தபோது வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புதுப்பதிப்பு வந்த வாரத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள் என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். 2008 மார்ச்சில் லைட்ரூம் 1.4 வெளியான சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2020 ஆகஸ்டில் ஐபோனுக்கான லைட்ரூம் 5.4 வந்தபோது, கிளவுடுக்குப் போகாமல் போனிலேயே இருந்த படங்களைச் சிலர் இழந்தார்கள். அவற்றை மீட்க வழியில்லை என்று கம்பெனியே கைவிரித்தது. ஆல்பம் தொழிலில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது: ஆடியில் கல்யாணம் இல்லை. டிரைவர், புரோகிராம், விண்டோஸ் எல்லாவற்றையும் அந்த மாதத்தில் ஒவ்வொன்றாக, ஒன்றைப் போட்டுச் சோதித்துவிட்டு அடுத்ததைப் போட்டால், எது கெடுத்தது என்று தெரியும். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் ஜோசியரைத்தான் கேட்க வேண்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது டிரைவரில் எளிது. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அமுக்கினால் போதும், பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். போட்டோஷாப்பிலும் பழைய பதிப்பைத் திரும்ப நிறுவலாம். லைட்ரூமில்தான் மாட்டிக்கொள்வீர்கள். பெரிய பதிப்பு மாறும்போது, உங்கள் திருத்தங்களையெல்லாம் குறித்து வைத்திருக்கும் கேட்டலாக் ஃபைலையும் அது புது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். பழைய லைட்ரூம் அதைத் திறக்காது. பழைய கேட்டலாக் அழியாமல் இருக்கும்தான். ஆனால் மாறிய பிறகு நீங்கள் செய்த வேலை அதில் இருக்காது. எனவே புதுப்பதிப்பை நம்புகிற வரையில், வேலை முடிந்த படங்களையெல்லாம் செலக்ட் செய்து கண்ட்ரோல் எஸ் அமுக்கிவிடுங்கள். ரா ஃபைல் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலில் திருத்தங்கள் பதிவாகும். பழைய லைட்ரூம் தனக்குத் தெரிந்த திருத்தங்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கலெக்ஷனும் வர்ச்சுவல் காப்பியும் மட்டும் அதில் வராது. அவற்றை மறுபடி கையால்தான் போட வேண்டும்.