ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு

ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைத் தொடங்கினால் ஒன்றாம் வகுப்பு கூச்சல் போடும். ஒன்றாம் வகுப்பின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கப் போனால் மூன்றாம் வகுப்பு மெல்ல வெளியே நழுவிவிடும். ஓராசிரியர் பள்ளியின் தினசரி நாடகம் இது. வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கே விடுமுறை.

இதற்கு ஒரு விடை, 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனபள்ளிக்கு அருகே கிடைத்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அதன் சுற்றுச்சுவரைத் தாண்டினால் வறண்ட ராயலசீமைக் குக்கிராமங்கள். 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதி அங்கே சிறு பள்ளிகளைத் தொடங்கினார்கள். டவுன் ஆசிரியர்களுக்குக் காத்திருக்காமல் உள்ளூர் இளைஞர்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்கினார்கள்.

கையில் இருப்பது ஒரே ஆள். அவருடைய நேரத்தை எதற்குச் செலவிடுவது என்பதுதான் கேள்வி. பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்பதைச் சுவரில் தொங்கும் 'ஏணி' காட்டும். பிள்ளை தன் படியைப் பார்த்து, அதிலுள்ள படத்துக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். புதுப் பாடம் தொடங்கும் பிள்ளைகள் ஆசிரியரோடு உட்காருவார்கள். சிலருக்கு அவர் எட்டிப் பார்த்தால் போதும். சிலருக்குப் பக்கத்துப் பையனே வாத்தியார். பயிற்சி, தேர்வு, தவறினால் மறுபயிற்சி எல்லாமே அட்டையில் உண்டு. நிலக்கடலை அறுவடைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வரும் சிறுமி, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பள்ளியை விட்டு நிற்க ஒரு காரணம் குறைந்தது.

மைசூர் பக்கம் ஹெக்கடதேவனகோட்டை ஆசிரியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதன் விளைவு, 1995இல் தொடங்கிய 'நலி கலி'. 2003இல் சென்னை மாநகராட்சி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தது. அப்போது கமிஷனர் எம்.பி. விஜயகுமார். 2007இல் அது தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. அட்டைகளை அச்சடித்து லாரியில் அனுப்புவது சுலபம். ஆனால் ரிஷி வேலியில் அட்டைகளை உருவாக்கியதிலும் திருத்தியதிலும் ஆசிரியர்களுக்குப் பங்கு இருந்தது. உத்தரவாக வந்திறங்கும் பெட்டியில் அந்தப் பங்கை வைத்து அனுப்ப முடியாது. தமிழகத்தில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்தே பிரித்தது.

இன்னொரு சிக்கல் சட்டத்தில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். இருவரும் நிர்ணயித்த தகுதி பெற்றிருக்க வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் தகுதி பெற்றவர் குக்கிராமத்துக்கு வராதபோது, அங்கேயே பிறந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளைஞரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?