பட்டுப் புரதமும் தோலுக்குள் போகும் ஊசியும்

எங்க ஆரணியில் சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீரில் வேகவைத்துப் பசையை எடுப்பார்கள். ஒரு கிலோ நூல் போட்டால் ஏறக்குறைய முக்கால் கிலோதான் தேறும். கழன்று போவது செரிசின் என்ற பசை. மிஞ்சுவது ஃபைப்ராயின் என்ற புரதம். அதே ஃபைப்ராயினில், மருந்து செலுத்தும் நுண்ணூசிகளை 2012-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்து காட்டினார்கள். புடவை நூலுக்கும் ஊசிக்கும் என்னடா சம்பந்தம்னு தோண்டினேன். அது தோல் புற்றுநோய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

சிக்கல் தோலின் மேலடுக்கில் இருக்கிறது. கனம் 10 முதல் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆனால் செத்த செல்களைச் செங்கல் மாதிரி அடுக்கி, நடுவில் கொழுப்பைச் சாந்தாகப் பூசிய சுவர் அது. மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் பொதுவாக உள்ளே விடாது. தோல் புற்றுக்குக் களிம்பாகத் தரும் ஃப்ளூரோயுராசில் 130, இமிக்விமோட் 240. இரண்டும் நுழைந்துவிடும். டாக்ஸோரூபிசின் 543. வலுவான மருந்துதான், ஆனால் தடவினால் வாசலிலேயே நின்றுவிடும். ரத்தத்தில் ஏற்றினாலோ உடம்பெல்லாம் சுற்றும். முடி கொட்டும், இதயத்தையும் பதம் பார்க்கும்.

சுவரில் துளை மட்டும் போட்டால் போதுமே? அதுதான் நுண்ணூசி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். பட்டை மாதிரி ஒட்டி அழுத்தினால் ஊசிகள் உள்ளே கரைந்து, மருந்து கட்டி இருக்கும் இடத்திலேயே இறங்கும். 'பேசல் செல்' வகைப் புற்றுக்கு டாக்ஸோரூபிசின் நுண்ணூசிகளை மனிதர்களிடமே சோதித்து வருகிறார்கள். பட்டு ஊசி தோல் புற்றுக்கு இன்னும் அந்தக் கட்டத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதை அதிகச் சூடில்லாமல் தண்ணீர்க் கரைசலில் வார்க்கலாம், மருந்து கெடாது. மருந்து வேகமாக வெளியேற வேண்டுமா, மெதுவாகவா என்பதையும் பதப்படுத்தும் விதத்தால் மாற்றலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. களிம்போ ஊசிப் பட்டையோ, மேலோட்டமான புற்றுக்குத்தான். ஆழமாக இறங்கியதற்கும் பரவியதற்கும் இது போதாது. பெரும்பாலானவற்றுக்கு இன்றும் அறுவை சிகிச்சைதான் முதல் வழி.

நம்ம ஊரில் தோல் புற்று குறைவு. அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. பழைய தீக்காயத் தழும்பில் ஆறாத புண், உள்ளங்காலில் பெரிதாகிக்கொண்டே போகும் கறுப்புப் புள்ளி - இதெல்லாம் மஞ்சள் பூசிக் காத்திருக்கும் விஷயமில்லை. ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லையா, தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எந்தப் புது ஊசி வந்தாலும், நோய் மேலாக இருக்கும்போது போனவர்களுக்குத்தான் அது உதவும்.