பெல் பங்கு 2012-ல் மலிவா? பத்து வருஷ லாபத்தை வச்சு ஒரு கணக்கு

2012 மார்ச் கடைசியில் பெல் பங்கின் விலை சுமார் 250 ரூபாய். அந்த நிதியாண்டில் கம்பெனியின் நிகர லாபம் 7,040 கோடி ரூபாய். அப்போது இருந்த மொத்தப் பங்குகள் 244.76 கோடி. ஆக ஒரு பங்குக்கு லாபம் 28.76 ரூபாய். விலையை இந்த லாபத்தால் வகுத்தால் 8.7 வரும். இதுதான் பி.இ. விகிதம். ஒரு ரூபாய் வருஷ லாபத்தை வாங்க நாம எத்தனை ரூபாய் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

அப்போ மொத்தச் சந்தையின் பி.இ. கிட்டத்தட்ட இதைப் போல இரண்டு மடங்கு. பெல்லோ மத்திய அரசின் நவரத்னா கம்பெனி. கையில் 1.35 லட்சம் கோடி ரூபாய்க்கு ஆர்டர் இருந்தது. லாபம் பத்து வருஷமா விடாமல் ஏறிக்கொண்டே வந்திருந்தது. இப்படி ஒரு பங்கு ஒன்பதுக்கும் கீழான பி.இ.யில் கிடைத்தால் யாருக்கும் "சல்லிசா இருக்கே" என்றுதான் தோணும்.

திருச்சியில் இது வெறும் பங்குச்சந்தைப் பேச்சு இல்லை. செக்கோஸ்லோவாகியா உதவியோடு 1960களில் திருவெறும்பூரில் ஆரம்பித்த பாய்லர் தொழிற்சாலைதான் இந்த ஊரின் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து, ரிட்டயர்டு ஆகி, ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். "நமக்குத் தெரிஞ்ச கம்பெனி, உள்ள இருந்து பார்த்த கம்பெனி" என்று பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பங்கில் போடுவது இங்கே ரொம்ப இயல்பு.

அப்படி 2012 மார்ச்சில் 100 பங்கு வாங்கியவர் போட்டது 25,000 ரூபாய். 2017-ல் இரண்டு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு கொடுத்தார்கள், 100 என்பது 150 ஆனது. 2020 மார்ச்சில் விலை 20 ரூபாய் அளவுக்கு வந்தது. 150 பங்கின் மதிப்பு 3,000 ரூபாய். நடுவில் டிவிடெண்ட் வந்தது உண்மைதான். ஆனால் போன முதலுக்கு அது ஈடாகாது.

பி.இ. பொய் சொன்னதா? இல்லை. அது ஒரே ஒரு வருஷத்தைப் பற்றி மட்டும் சொன்னது. அந்த ஒரு வருஷம் கம்பெனி வரலாற்றிலேயே அதுவரை மிகச் சிறந்த வருஷம்.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்தைப் பார்த்தால்

காவிரியில் வருஷத்துக்கு எவ்வளவு தண்ணி வரும் என்று கேட்டால், 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடிய நாளில் அளந்து யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதுக்கு முந்தின வருஷம், 2017 கோடையில், அம்மா மண்டபம் படித்துறையில் நின்று அளந்தும் சொல்ல முடியாது. அன்னைக்கு அங்கே மணல்தான். பல வருஷக் கணக்கைக் கூட்டிச் சராசரி எடுக்கணும். நதிக்கு நமக்கு இயல்பாகத் தெரியுற இந்த விஷயம், கம்பெனி லாபம் என்று வந்தால் மறந்துபோகுது.

இதை முதலில் அழுத்திச் சொன்னவர்கள் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும். 1934-ல் வந்த 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' புத்தகத்தில், குறைந்தது ஐந்து வருஷம், முடிந்தால் ஏழு முதல் பத்து வருஷ லாபத்தின் சராசரியை வைத்துப் பங்கை மதிப்பிடச் சொன்னார்கள். (நம்ம மேட்டூர் அணை திறந்ததும் அதே 1934-ல்தான்.) 1929 சரிவைப் பார்த்த தலைமுறை அது. நல்ல வருஷ லாபத்தை நிரந்தரம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

1988-ல் ஜான் கேம்பெல், ராபர்ட் ஷில்லர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தையின் நீண்டகாலத் தரவை வைத்து இதைச் சோதித்தார்கள். அவர்கள் முக்கியமாகச் சேர்த்தது பணவீக்கச் சரிக்கட்டல். பழைய வருஷ லாபத்தை இன்றைய ரூபாய் மதிப்புக்கு (அவர்களுக்கு டாலர்) மாற்றி, பிறகு சராசரி எடுப்பது. இதை ஷில்லர் பி.இ. என்று சொல்வார்கள். ஷில்லருக்கு 2013-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

பணவீக்கத்தை ஏன் சேர்க்கணும்? 2003-ல் சம்பாதித்த 445 கோடியும் 2012-ல் சம்பாதித்த 445 கோடியும் ஒன்றில்லை. அப்படியே கூட்டினால் பழைய வருஷங்கள் உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும்.

கணக்கைப் போட்டுப் பாப்போம்

விலைவாசிக்கு லேபர் பீரோ வெளியிடும் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்கிறேன். பெல் ஊழியர்களுக்குப் பழக்கமான குறியீடுதான், டி.ஏ. ஏறுவது இதை வைத்துத்தான். விலை எடுக்கும் ஊர்களில் திருச்சியும் ஒன்று. 2001-ஐ 100 என்று வைத்தால் 2002-03-ன் சராசரி 104, 2011-12-ன் சராசரி 195. அதாவது 2002-03-ன் ஒரு ரூபாய், 2011-12-ல் சுமார் 1.87 ரூபாய்க்குச் சமம்.

ஒவ்வொரு வருஷ லாபத்தையும் 195-ஆல் பெருக்கி, அந்த வருஷக் குறியீட்டால் வகுத்தால் போதும். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரே ஒரு ஃபார்முலா. எல்லாம் கோடி ரூபாயில்:

2002-03: லாபம் 445, 2012 மதிப்பில் 834
2003-04: 658, 2012 மதிப்பில் 1,188
2004-05: 953, 2012 மதிப்பில் 1,659
2005-06: 1,679, 2012 மதிப்பில் 2,798
2006-07: 2,415, 2012 மதிப்பில் 3,767
2007-08: 2,859, 2012 மதிப்பில் 4,192
2008-09: 3,138, 2012 மதிப்பில் 4,220
2009-10: 4,311, 2012 மதிப்பில் 5,157
2010-11: 6,011, 2012 மதிப்பில் 6,512
2011-12: 7,040, 2012 மதிப்பில் 7,040

பத்து வருஷச் சராசரி சுமார் 3,740 கோடி. பங்குக்கு 15 ரூபாய் சொச்சம். 250-ஐ இதால் வகுத்தால் 16-க்கு மேல், கிட்டத்தட்ட 16.4. ஒரு வருஷக் கணக்கில் 8.7 என்று தெரிந்த பங்கு, பத்து வருஷக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. "சல்லிசு" என்ற சொல் இங்கேயே அடிபட்டுப் போகுது.

எதிர்வாதம் ஒண்ணு இருக்கு

"ஏம்ப்பா, 2003-ல இருந்த கம்பெனியும் 2012-ல இருந்த கம்பெனியும் ஒண்ணா? வளர்ற கம்பெனிக்குப் பழைய லாபத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்தா, எட்டாங்கிளாஸ் பையனுக்கு எல்.கே.ஜி. சட்டை அளவு எடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து வருஷச் சராசரி, உண்மையாகவே வளரும் கம்பெனியை எப்போதும் விலை அதிகமாகக் காட்டும்.

அதனால் இந்த எண் தீர்ப்பு சொல்லாது, ஒரு கேள்வியை நம்ம முன்னாடி வைக்கும். 7,040 கோடி என்பது புது இயல்பா, இல்லை வெள்ளம் வந்த வருஷமா? 8.7 என்ற பி.இ.யை நம்பி வாங்குபவர் "புது இயல்பு" என்று பந்தயம் கட்டுகிறார், அவருக்கே தெரியாமல்.

பதிலுக்கு லாபக் கணக்கை விட்டு வெளியே வந்து ஆர்டரைப் பார்க்கணும். பாய்லர், டர்பைன் போன்ற தொழிலில் இன்றைய லாபம் மூன்று, நான்கு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய ஆர்டரில் இருந்து வருவது. 2010-11-ல் பெல் வாங்கிய புது ஆர்டர் சுமார் 60,000 கோடி. 2011-12-ல் அது சுமார் 22,000 கோடி. லாபம் உச்சத்தைத் தொட்ட அதே வருஷம், மேலே அணையில் நீர்வரத்து மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கால்வாயில் மட்டும் தண்ணி இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். நிலக்கரித் தட்டுப்பாடு, எரிவாயுத் தட்டுப்பாடு, மாநில மின்வாரியங்களின் கடன், 2014-ல் உச்ச நீதிமன்றம் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது, சோலார் விலை சரிந்தது. புது அனல்மின் நிலையம் கட்டுவது கிட்டத்தட்ட நின்றே போனது. 2013-14-ல் லாபம் 3,461 கோடி. 2014-15-ல் 1,419 கோடி. 2015-16-ல் சுமார் 900 கோடி நஷ்டம். 2012-க்குப் பிந்தைய பத்து வருஷ லாபத்தின் சராசரி, வருஷத்துக்கு ஆயிரம் கோடிக்கும் கீழே.

இதைக் கவனிங்க: பத்து வருஷச் சராசரி சொன்ன 3,740 கோடியைக்கூடக் கம்பெனியால் எட்ட முடியவில்லை. ஷில்லர் பி.இ. எச்சரித்தது, ஆனால் போதுமான அளவு எச்சரிக்கவில்லை. கடந்த காலத்தின் சராசரி எதிர்காலத்தின் உத்தரவாதம் ஆகாது.

இன்னும் இரண்டு தேதிகள்

2020 மார்ச். விலை 20 ரூபாய், கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 7,000 கோடி. அந்த வருஷம் நஷ்டம், அதனால் பி.இ. என்ற எண்ணே கிடையாது. ஆனால் 2010-11 முதல் 2019-20 வரை சராசரி லாபம், பணவீக்கம் சேர்க்காமலேயே, சுமார் 2,470 கோடி. விகிதம் மூன்றுக்கும் கீழே! சராசரி முறை "ரொம்ப மலிவு" என்று கத்துகிறது. ஆனால் அந்தப் பத்து வருஷ லாபத்தில் 80 சதவீதம் முதல் மூன்று வருஷத்தில் வந்தது. பழைய வெள்ளத்தின் ஈரம் அது. அப்போது துணிந்து வாங்கியவருக்கு நல்ல லாபம் கிடைத்தது உண்மை, 2024-ல் விலை 300 ரூபாயைத் தாண்டியது. ஆனால் 20 ரூபாயில் வாங்க, சராசரி எண்ணோடு சேர்த்து "அனல்மின் ஆர்டர் திரும்ப வரும்" என்ற தனி நம்பிக்கையும் தேவைப்பட்டது.

2024 மார்ச். விலை 250-ஐ ஒட்டி, அதாவது சந்தை மதிப்பு 86,000 கோடி அளவில். வருஷ லாபம் 300 கோடிக்கும் கீழே. பி.இ. 300-ஐத் தாண்டிவிட்டது. பத்து வருஷ லாபத்தைக் கூட்டினால் லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று தின்று, பூஜ்யத்தை ஒட்டி நிற்குது. வகுக்க ஒன்றும் இல்லை. அந்த வருஷம் வந்த புது ஆர்டர் மட்டும் சுமார் 78,000 கோடி, சந்தை விலை கொடுத்தது அதற்குத்தான். ஆனால் வருஷ விற்பனை 24,000 கோடி அளவில், 2012-ல் இருந்ததில் பாதிதான். அந்த ஆர்டர்கள் எத்தனை சதவீத லாபம் தரும் என்பதுதான் இப்போ கேள்வி. அதுக்குப் பின்னோக்கிப் பார்க்கும் எந்தச் சராசரியிலும் பதில் இல்லை.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒரு பங்குக்கு எவ்வளவு என்று பழைய அறிக்கைகளில் இருந்து எடுக்காதீங்க. பெல் 2007-ல் போனஸ், 2011-ல் பங்குப் பிரிப்பு, 2017-ல் மறுபடி போனஸ் என்று எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே வந்தது. மொத்த லாபத்தையும் மொத்தச் சந்தை மதிப்பையும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் குழப்பம் வராது.

நஷ்ட வருஷங்களை விட்டுவிடாதீங்க. அதையும் சேர்ப்பதுதான் இந்த முறையின் உயிரே.

ஷில்லர் இதைப் போட்டது மொத்தச் சந்தைக்கு. சந்தைக் குறியீட்டில் நொடித்த கம்பெனி வெளியே போய்ப் புதுசு உள்ளே வரும். தனிக் கம்பெனிக்கு அந்த வசதி இல்லை, அது திரும்ப எழாமலே போகலாம். அதனால் தனிப் பங்குக்குப் போடும்போது, சராசரியோடு கூடவே "இந்தத் தொழில் பத்து வருஷம் கழித்தும் இருக்குமா" என்று தனியாகக் கேட்டுக்கணும்.

சிமென்ட், ஸ்டீல், சர்க்கரை, கனரக இயந்திரம் மாதிரி ஏறி இறங்கும் தொழில்களுக்கு இந்த முறை ரொம்பப் பொருந்தும். இவற்றில் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும்போதுதான் பெரும்பாலும் ஆபத்து அதிகம்.

பங்கே வாங்காதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. துவாக்குடி, திருவெறும்பூர், அரியமங்கலம் பக்கம் பெல்லுக்கு ஜாப் ஒர்க் செய்த நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்கள் இருந்தன. டன் கணக்கில் ஆர்டர் வந்த வருஷங்களில் கடன் வாங்கி ஷெட்டை நீட்டி, மெஷின் போட்டவர்கள் உண்டு. ஆர்டர் வற்றியபோது பல யூனிட்கள் வட்டி கட்ட முடியாமல் தவித்தன. வெல்டர்கள் வளைகுடாவுக்கும் வேறு ஊர்களுக்கும் போனார்கள். கடன் கொடுத்த வங்கியும் வாங்கியவரும் பார்த்தது கடைசி ஓரிரு வருஷ டர்னோவரை. பங்கு வாங்கியவர் போட்ட அதே கணக்கு. பங்கு வாங்கியவர் போட்ட பணத்தோடு போச்சு, இவர்களில் பலர் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வச்சிருந்தார்கள்.

(இது முதலீட்டு ஆலோசனை இல்லை. பெல் பங்கை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. மேலே இருக்கும் பத்து வரியை உங்களிடம் இருக்கும் வேறு ஏதாவது ஒரு பங்குக்குப் போட்டுப் பாருங்க. அரை மணி நேரம் ஆகும்.)