'காமன்' முதல் 'ரேர்' வரை

ஆய்வுக் குறிப்புகளை நாம் ஆங்கிலத்தில் எழுதினாலும் நினைப்பது பெரும்பாலும் தமிழில்தான். அங்கேதான் ஒரு சங்கடம். தமிழில் 'அரிது' என்பது எளிதில் காணக் கிடைக்காததையும் குறிக்கும். செய்வதற்குக் கடினமானதையும் குறிக்கும். ஆங்கில 'ரேர்' இந்த இரண்டாவது பொருளைத் தராது.

படிகளைப் பார்ப்போம். ஏராளமாக இருப்பது 'அபண்டன்ட்'. வழக்கமாகக் கண்ணில் படுவது 'காமன்'. அவ்வளவாகக் கண்ணில் படாதது 'அன்காமன்'. அது இன்னும் 'ரேர்' ஆகிவிடவில்லை. 'ஸ்கேர்ஸ்' என்பது பொதுவாகத் தேவைக்குப் போதாமை. நான் குடியிருக்கும் லக்ஷ்மிபாய் நகரில் கோடையில் தண்ணீர் 'ஸ்கேர்ஸ்' ஆகலாம். அதை 'ரேர்' என்று யாரும் சொல்வதில்லை.

மருந்தியலார் இச்சொற்களுக்கு எண்ணே வகுத்துவிட்டனர். ஒரு பக்கவிளைவு பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் 'வெரி காமன்'. அதற்குக் குறைந்து, நூற்றில் ஒருவர் வரை 'காமன்'. ஆயிரத்தில் ஒருவர் வரை 'அன்காமன்'. பத்தாயிரத்தில் ஒருவர் வரை 'ரேர்'. அதற்கும் கீழே 'வெரி ரேர்'. நூறு பேரில் ஒருவருக்கு வருவதும் அவர்கள் கணக்கில் 'காமன்' என்பதைக் கவனியுங்கள்!

எண்ணில்லாத அடைமொழியை நம்பினால் என்ன ஆகும்? வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு ஒரு காலத்தில் இதே டில்லியின் மரங்களில் கூடு கட்டி வாழ்ந்தது. பறவை நூல்களில் அதற்கு வாய்த்த அடைமொழி 'காமன்'. எங்கும் இருந்ததை எண்ணியோர் மிகச் சிலரே. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980-களிலும் 1990-களிலும் கூடுகளை எண்ணி ஒப்பிட்டபோதுதான் சரிவு புலப்பட்டது. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தர இந்திய அரசு தடை விதித்தது. ஆனால் 1992-க்கும் 2007-க்கும் இடையே, இந்தியாவில் ஆயிரம் பாறுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றே எஞ்சியது.

ஆகவே நண்பர்களே, அடைமொழியை எழுதுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே? எப்போது? எத்தனையில் எத்தனை? 'இவ்விடத்தில், இம்மாதத்தில், இருபது முறை சென்றதில் ஒரு முறை கண்டது' என்று குறித்த பின்பு 'அன்காமன்' என்று எழுதுங்கள். நாளை அந்த அடைமொழி பொய்த்துப் போனாலும், அந்த எண் அடுத்து வருபவருக்கு உதவும்.