உங்களுக்குத் தெரியுமா? மூளைக்குள் எதிர்த்திசைத் தூது

மெர்சிங் படகுத்துறையில் தியோமான் தீவுக்குப் படகேறுகிறவர்களில் சிலருக்கு அலையில் குமட்டிக்கொண்டு வரும். பக்கத்து இருக்கைக்காரர் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடுவார். மூளை தானே உண்டாக்கும் எண்டோகன்னபினாய்டுகளுக்கு இந்த வேறுபாட்டில் பங்கு இருக்கலாம்.

கஞ்சாவின் போதைப்பொருள் ஒட்டும் அதே சிபி1 ஏற்பியில் ஒட்டும் கொழுப்பு மூலக்கூறுகள் இவை. முதலாவதான ஆனந்தமைடு, 1992-இல் ஜெருசலேமில் ரபேல் மெக்கூலமின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது.

வியப்பு இவை போகும் திசையில்தான். நரம்புச் செல்கள் சந்திக்கும் சினாப்ஸில், செய்தி அனுப்பும் செல்லிலிருந்து பெறும் செல்லுக்குப் போகும் என்றுதான் படித்திருப்போம். ஆனால், பெறும் செல் மிகையாகத் தூண்டப்பட்டால் அதற்குள் கால்சியம் ஏறுகிறது. உடனே அந்தச் செல் தன் சவ்வின் கொழுப்பிலிருந்தே இம்மூலக்கூறை உருவாக்கி எதிர்ப்பக்கம் அனுப்புகிறது. அந்த மூலக்கூறு, அனுப்பும் செல்லின் சிபி1 ஏற்பியில் ஒட்டியதும் அங்கே கால்சியம் நுழைவது மட்டுப்படுகிறது, செய்தி வேதிப்பொருள் வெளியேறுவதும் குறைகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். 2001-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதை நிறுவின.

மீண்டும் குமட்டலுக்கு வருவோம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், எடையற்ற நிலையை உண்டாக்கும் விமானப் பறப்பில் குமட்டல் வந்தவர்களின் இரத்தத்தில் எண்டோகன்னபினாய்டு அளவு, வராதவர்களைவிடக் குறைவாக இருந்தது.

இதைக் கஞ்சாவுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளை இம்மூலக்கூறுகளைத் தேவைப்படும் சினாப்ஸில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் சுரக்கிறது. கஞ்சா எல்லா இடத்திலும் ஒருசேரப் பாய்கிறது. மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.