செங்காந்தள்: இலைநுனியால் ஏறும் கொடி

பாகலும் பீர்க்கும் மேலே ஏறுவதற்கென்றே தனியாகப் பற்றுக்கம்பி விடும். செங்காந்தளுக்கு அந்தச் செலவில்லை. இலையின் நுனியே மெலிந்து நீண்டு, வேலிமுள்ளோ பக்கத்துச் செடியின் காம்போ எது அகப்பட்டாலும் சுருண்டு பிடித்துக்கொள்கிறது.

கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் இது தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். தலைகவிழ்ந்து தொங்கும் பூவில் நெளிந்த விளிம்புள்ள ஆறு இதழ்களும் பின்னுக்கு மடங்கி மேல்நோக்கி நிற்கும். மொட்டு பச்சை. விரிந்ததும் அடிப்பகுதி மஞ்சள், நுனி சிவப்பு. அடுத்த சில நாட்களில் மஞ்சளும் மறைந்து முழுச் சிவப்பாகிவிடும்.

வேடிக்கை, பூவின் நடுவில்தான். ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்களாக வெளியே விரிய, சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாக ஒடிந்து ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாது. காட்டில் வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் மகரந்தத்தை இந்த இடைவெளி தாண்டிக் கொண்டுசேர்க்கும். வயலில் அவற்றை நம்பினால் காய்ப்பு போதாது. மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடுபவர்கள் பூக்கும் பருவத்தில் காலையிலேயே கொடிக்கொடியாகப் போய், மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் கையால் தொட்டுவைக்கிறார்கள். பேர்தான் கிழங்கு, காசு விதையில்.

விதைக்கு விலை அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் வருகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச்செல்லும் நுண்ணிழைகளை இந்த வேதிப்பொருள் உருவாகவே விடாது. அதனால் இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடுகின்றன. 1937இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பிளேக்ஸ்லீ இதைச் செடிகளில் செய்துகாட்டியபின், பயிர் ஆய்வாளர்களுக்கு இது அன்றாடக் கருவியாயிற்று. விதையில்லாத் தர்ப்பூசணிக்கு வேண்டிய தாய்ச்செடி இப்படித்தான் உருவாக்கப்பட்டது. மருத்துவத்தில் கவுட் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் தருகிறார்கள்.

அளவு மீறினால் அதே வேலையை நம் உடம்பிலும் செய்யும். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் குடல், எலும்புமஜ்ஜை செல்கள்தான் முதலில் அடிபடும். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி உயிர்வரை போகும். கொடியின் எல்லாப் பாகத்திலும் நஞ்சு உண்டு, கிழங்கில் மிகுதி. இலங்கையில் வற்றாளைக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு.

கலப்பை வடிவில் இரு கிளையாகப் பிரியும் அந்தக் கிழங்கின் நுனியில்தான் முளைக்குருத்து இருக்கிறது. நடுவதற்குத் தோண்டும்போது நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. அதனால், மற்றக் கிழங்கைப்போல மூட்டையில் அள்ளிக் கொட்டாமல் இதைப் பதமாகக் கையாள வேண்டியிருக்கிறது.